நல்ல நாளை ஷோரூமில் சொல்லிவிடாதீர்கள்

தை முதல் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குள் புதுக் கார் வேண்டும், நேரே மதுரை பாண்டி கோவிலில் பூஜை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு என்று புக்கிங் அன்றே சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு அந்த ஷோரூமில் நடந்ததெல்லாம் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. "சார், இன்னிக்கு இதைக் கட்டலேன்னா வெள்ளிக்கிழமை டெலிவரி கஷ்டம் சார்." இன்சூரன்ஸுக்கும் இதே பேச்சு, ஆக்சஸரிக்கும் இதே பேச்சு. மார்கழியில் புக் செய்து தையில் எடுப்பவர்கள், ஆடியில் புக் செய்து ஆவணியில் எடுப்பவர்கள், எல்லாரும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. வண்டியை உங்கள் கண்ணால் பார்த்து, அதில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்ட பிறகு நாள் பாருங்கள். தையில் முகூர்த்தத்துக்குப் பஞ்சமில்லை.

டெஸ்ட் டிரைவ், லோன் இரண்டிலும் சிக்கல் வரவில்லை.

கொட்டேஷனை வெறும் 'ஆன் ரோடு' தொகையாக வாங்காதீர்கள். எக்ஸ் ஷோரூம் (பதிவு, இன்சூரன்ஸ் சேராத வண்டி விலை), ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் என்று தனித்தனி வரியாக, முத்திரையோடு வாங்குங்கள். எங்களுடையதில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று 7,500 இருந்தது. எதற்கு என்று வாயால் கேட்டபோது "எல்லாருக்கும் இதான் சார்" என்றார்கள். எந்த விதிப்படி வாங்குகிறீர்கள் என்று கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நகல் போட்டு மின்னஞ்சலில் கேட்டேன். இரண்டாம் நாள் திருத்திய கொட்டேஷன் வந்தது, அந்த வரி அதில் இல்லை. நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் போட்டிருந்த தொகையும் அதோடு போனது. 2019 ஏப்ரலிலிருந்து தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வண்டியோடு வர வேண்டியது.

பத்து லட்சத்தை ஒட்டிய வண்டி பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. "இன்னும் முப்பதாயிரம் போட்டா மேல் வேரியண்ட் சார்" என்பார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. 9.80 லட்சம் வண்டிக்கு வரி 1,27,400. 10.10 லட்சத்துக்கு 1,81,800. அந்த முப்பதாயிரத்தோடு வரியில் மட்டும் 54,400 சேர்ந்து ஏறுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் இதோடு ஒரு சதவீத டிசிஎஸ், அதாவது விற்கும்போதே பிடிக்கும் வருமான வரியும் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸில்தான் அதிகம் அலைந்தோம். ஷோரூம் சொன்னது 46,800. அதே ஐடிவி (காப்பீட்டில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே ஆட்ஆன்களுக்கு (கூடுதல் பாதுகாப்புகளுக்கு) வெளியே 33,200. மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்கு, சொந்த சேதத்துக்கு ஒரு வருடம் என்பது எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017லேயே டீலர்களுக்கான விதிகளில் அதைச் சொல்லிவிட்டது. "வெளியே எடுத்தா கேஷ்லெஸ் கிளெய்ம் வராது" என்று, ரிப்பேர் பில்லை நாமே கட்ட வேண்டிவரும் என்பதுபோலப் பயமுறுத்துவார்கள். எந்த ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் உண்டு என்ற பட்டியல் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறது. எங்களை மிரட்டிய ஷோரூமின் பெயரே அதில் இருந்தது.

நோ கிளெய்ம் போனஸைப் பற்றி அவர்களாக வாயே திறக்கவில்லை. பழைய வண்டியில் ஐந்து வருடம் கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம். அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. புது வண்டியின் சொந்த சேத பிரீமியத்தில் அப்படியே கழியும். இதற்குப் பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் போனஸ் கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு, வண்டியை விற்றதற்கான ஆதாரம் கேட்பார்கள். எங்கள் பழைய வண்டி எக்ஸ்சேஞ்சில் போயிருந்தது. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30ல் கையெழுத்து வாங்கிய ஷோரூம் நகல் தரவில்லை. கையில் ஆதாரம் இல்லாமல் காப்பீட்டு அலுவலகம் போய்த் திரும்பியது ஒரு நாள். நகலுக்காக ஷோரூமில் "மேனேஜர் லஞ்சுக்குப் போயிருக்கார்" என்று உட்கார வைத்தது இன்னொரு மதியம். கையெழுத்துப் போடும்போதே இரண்டு ஃபார்மையும் போனில் படம் எடுங்கள். வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம் போட்டு ரசீதும் வாங்குங்கள். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) பெயர் மாறும் வரை அந்த வண்டி எங்கே மோதினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இனி வண்டியைப் பார்ப்பது. இதை ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் செய்யக் கூடாது. வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில், பகலில், முழுப் பணம் கட்டும் முன், பதிவுக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டும். இன்வாய்ஸிலும் இன்சூரன்ஸிலும் சேஸிஸ் நம்பர் ஏறிவிட்டால் மாற்றித் தர ஆயிரம் காரணம் சொல்வார்கள். "யார்டுக்குக் கஸ்டமரை விட மாட்டோம் சார்" என்றார்கள். அப்படியானால் மீதிப் பணம், வண்டியைப் பார்த்த பிறகுதான் என்று சொன்னதும் வழி பிறந்தது.

சேஸிஸ் நம்பர் 17 எழுத்து. அதில் பத்தாவது எழுத்தில் வருடம் இருக்கும்: 2024க்கு ஆர், 2025க்கு எஸ், 2026க்கு டி. எங்களுக்கு '2026 ஸ்டாக், அதனால் டிசம்பர் தள்ளுபடி கிடையாது' என்று சொல்லி ஒதுக்கிய வண்டியில் எஸ் இருந்தது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முன் டயர் இரண்டிலும் 2225, அதாவது 2025 மே கடைசியில் வார்த்த டயர். பேட்டரி டெர்மினலில் வெள்ளை பூத்திருந்தது. வைப்பர் ரப்பரை விரலால் நிமிர்த்தினால் ஓரம் வெடித்திருந்தது. ஏழெட்டு மாதம் வெயிலில் நின்ற வண்டி. "பில் 2026ல போடுறோம், அப்புறம் என்ன சார்?" என்றார் சேல்ஸ் மேனேஜர். பில் தேதி வேறு, தயாரிப்பு வருடம் வேறு. ஷோரூம் தரும் விற்பனைச் சான்றான ஃபார்ம் 21லும் ஆர்சியிலும் தயாரிப்பு மாதமும் வருடமும் பதிவாகும். நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் பார்ப்பார்.

அங்கேதான் தேதியை விட்டோம். முதல் வெள்ளி வேண்டாம், டி போட்ட வண்டி வரட்டும், இல்லையென்றால் புக்கிங் பணத்தைத் திருப்புங்கள் என்று எழுதிக் கொடுத்ததும் பேச்சு மாறியது. மூன்று வாரம் ஆகும் என்றவர்கள் ஒன்பதாம் நாள் போன் செய்தார்கள். இரண்டாவது வண்டியில் போனட் கீல் போல்ட், கதவு கீல் போல்ட்களில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா, கதவு ஓர ரப்பர் பட்டையான பீடிங் ஓரத்தில் பெயின்ட் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தோம். எல்லாக் கண்ணாடியிலும் தயாரிப்புக் குறி ஒத்திருந்தது. இவற்றில் ஒன்று பிசகினாலும் யார்டில் இடித்துச் சரிசெய்த வண்டியோ என்று சந்தேகப்படலாம்.

டெலிவரியின்போது நம்பர் பிளேட் மாட்டியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் புது வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்று 2019ல் திருத்திய சட்டமே சொல்கிறது. "பூஜைக்கு மட்டும் எடுத்துட்டுப் போங்க, நம்பர் அப்புறம் வரும்" என்பதற்குத் தலையாட்டாதீர்கள்.

பதிவு விண்ணப்பத்தில் யாருடைய செல்போன் எண் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். எங்களுடையதில் ஷோரூம் பையனுடைய எண் இருந்தது. பின்னாளில் லோன் முடிந்து அடமானம் நீக்கும்போது ஓடிபி அவனுக்குத்தான் போயிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அச்சுப் பிரதியைக் கேட்டதால் பிடிபட்டது. ஆர்சி இப்போது விரைவுத் தபாலில்தான் வருகிறது. முகவரியில் கதவு எண்ணோ பின்கோடோ பிழையானால் திரும்பிப் போய்விடும்.

ஃபாஸ்டேக்கைச் சேஸிஸ் நம்பரில் கொடுத்து அனுப்புவார்கள். வண்டி எண் வந்ததும் அதில் ஏற்றிவிட்டோம் என்று சொன்னார்கள், ஏற்றவில்லை. வாங்கிய 90 நாளுக்குள் ஏற்றாவிட்டால் முடங்கும். டேக் கொடுத்த வங்கியின் செயலியில் ஆர்சி படத்தை நாமே ஏற்றலாம், எங்களுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. கப்பலூர் டோல்கேட்டில் பின்னால் ஹாரன் அடிக்கும்போது தெரிந்துகொள்வதைவிட, ஆர்சி கைக்கு வந்த அன்றே செய்துவிடுங்கள்.