ஏரிப் பறவைத் தளத்துக்கு ஐ.பி. பட்டியல் கட்டிய கதை: நவம்பர் முதல் ஜனவரி வரை

எங்கள் ஊர் ஏரியில் வந்து இறங்கும் பறவைகளை நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து எழுதி வைக்கிறோம். அதற்கென்று ஒரு வேர்ட்பிரஸ் தளம் இருக்கிறது. அமேசானின் மேகச் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.-இல், ஈசி2 என்ற சின்ன வாடகை சர்வர் ஒன்றில் ஓடுகிறது. அதற்கு முன்னால், வருகிற கோரிக்கைகளை முதலில் வாங்கிக்கொள்ளும் கிளவுட்ஃப்ரண்ட். நவம்பர் கடைசியில் தளம் அடிக்கடி படுத்துக்கொள்ள, லாக்கை, அதாவது வந்து போனவர்களின் பதிவேட்டை, திறந்து பார்த்தேன். லாகின் பக்கத்தையும், வெளிச் செயலிகள் தளத்தோடு பேசும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பையும் யாரோ விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடவுச்சொல் எதுவும் உடையவில்லை. ஆனால் அந்தத் தட்டலிலேயே சர்வர் மூச்சு வாங்கியது.

சரி, வேண்டாத கோரிக்கைகளை வடிகட்டும் வாஃப் (இணையத்தள ஃபயர்வால்) போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஏ.டபிள்யூ.எஸ். வாஃப்-ஐ ஈசி2 மேல் நேரடியாக மாட்ட முடியாது. கிளவுட்ஃப்ரண்ட், லோட் பேலன்சர் போன்றவற்றின் மேல்தான் மாட்ட வேண்டும். கிளவுட்ஃப்ரண்டுக்கான வாஃப் என்றால், சர்வர் மும்பையில் இருந்தாலும், எல்லாவற்றையும் வடக்கு வர்ஜீனியா ரீஜனில்தான் உருவாக்க வேண்டும். இது தெரியாமல் மும்பையில் ஒரு ஐ.பி. செட் (இணைய முகவரிகளின் பட்டியல்) உருவாக்கிவிட்டு, விதி எழுதும்போது அது பட்டியலில் வரவே இல்லையே என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். செலவு, வெப் ஏ.சி.எல். (விதிகளின் தொகுப்பு) ஒன்றுக்கு மாதம் 5 டாலர், ஒவ்வொரு விதிக்கும் 1 டாலர், பத்து லட்சம் கோரிக்கைக்கு 60 சென்ட். ஒன்பது பேர் பங்கு போட்டால் தாங்கும்.

டிசம்பர் முதல் வாரம்

ஐ.பி. செட் என்பது வெறும் முகவரிப் பட்டியல். தனி முகவரியாக இருந்தாலும் பின்னால் /32 போட்டு, முகவரித் தொகுதியின் அளவையும் சொல்லும் சைடர் வடிவில்தான் எழுத வேண்டும். ஒரு செட்டில் 10,000 வரி வரை கொள்ளும். பழைய ஐ.பி.வி4 முகவரி, புதிய நீளமான ஐ.பி.வி6 முகவரி இரண்டையும் ஒரே செட்டில் கலக்க முடியாது.

எங்கள் சர்வரில் தளத்தை வழங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளின் லாக்கில் அதிகம் தட்டிய நாற்பது முகவரிகளை எடுத்து செட்டில் போட்டேன். விதியை முதலில் ‘கவுன்ட்’ நிலையில் வைத்தேன். அதாவது தடுக்காமல் எண்ணிக்கை மட்டும். புதிதாகச் செய்பவர்கள் யாராக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எண்ணிக்கை பூஜ்யம். ஒன்றுகூட மாட்டவில்லை. லாக்கிலோ தட்டல் தொடர்கிறது.

காரணம் பிடிபட ஒரு இரவு ஆனது. கிளவுட்ஃப்ரண்ட் முன்னால் நிற்பதால், என்ஜின்எக்ஸ் பார்ப்பது வந்தவருடைய முகவரியை அல்ல, கிளவுட்ஃப்ரண்ட் முனையின் முகவரியை. நான் தடைப்பட்டியலில் எழுதிய நாற்பதும் கிளவுட்ஃப்ரண்டுக்குச் சொந்தமானவை! வாஃப் கிளவுட்ஃப்ரண்டிலேயே உட்கார்ந்திருப்பதால் அதற்கு உண்மையான முகவரி தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. நேராக ‘பிளாக்’ போட்டிருந்தால், எதுவும் மாறாததைப் பார்த்து வாஃப் வேலை செய்யவில்லை என்றே முடிவு கட்டியிருப்பேன்.

என்ஜின்எக்ஸில் ரியல் ஐ.பி. மாட்யூலை இயக்கி, கோரிக்கையோடு வந்தவரின் முகவரியைச் சுமந்து வரும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் இருந்து முகவரியை எடுக்கச் சொன்னேன். அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அதனால் கிளவுட்ஃப்ரண்டின் முகவரிகளில் இருந்து வந்தால் மட்டும் நம்பு என்றும் சொல்ல வேண்டும். கூடவே, சர்வரை நேரடியாகத் தட்டும் வழியையும் அடைத்தேன். கிளவுட்ஃப்ரண்டுக்கென்று ஏ.டபிள்யூ.எஸ். தானே பராமரிக்கும் பிரிஃபிக்ஸ் லிஸ்ட் (முகவரித் தொகுதிகளின் பட்டியல்) ஒன்று இருக்கிறது; சர்வரின் வாசலைக் காக்கும் செக்யூரிட்டி குரூப்பில் அதை மட்டும் அனுமதித்தால் போதும். ஒரே வரிதான், ஆனால் 55 விதிகளாகக் கணக்காகும். ஒரு குரூப்பின் இயல்பான வரம்பே 60. ஏற்கெனவே நிறைய விதிகள் வைத்திருப்பவர்கள் பார்த்துச் செய்யவும்.

டிசம்பர் நடுவில்

சரியான முகவரிகள் கிடைத்தன. எண்ணிக்கை ஏறியது, ‘பிளாக்’ போட்டேன், சர்வர் அமைதியானது. அந்த நிம்மதியில் தினமும் கன்சோலில் கையால் சேர்க்க வேண்டாமே என்று பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். புது முகவரி ஒன்றை அப்டேட் கட்டளையில் அனுப்பினேன். வெற்றி என்று பதில் வந்தது. திறந்து பார்த்தால் செட்டில் ஒரே ஒரு முகவரி. மற்ற நூற்று நாற்பதும் போயே போய்விட்டன.

ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. அப்டேட் என்பது சேர்ப்பது அல்ல, முழுப் பட்டியலையும் மாற்றி வைப்பது. முதலில் இருப்பதை வாங்க வேண்டும், அதில் புதியதைச் சேர்க்க வேண்டும், அப்புறம் மொத்தத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். வாங்கும்போது ஒரு பூட்டு டோக்கனும் (lock token) வரும். அனுப்பும்போது அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வேறு யாராவது பட்டியலை மாற்றியிருந்தால் டோக்கன் செல்லாது, பிழை வரும். அந்தப் பிழையைப் பார்த்ததும் பழைய பட்டியலையே வைத்துக்கொண்டு மறுபடி முயலக்கூடாது. திரும்ப வாங்குவதில் இருந்து தொடங்க வேண்டும்.

இதற்குப் பிறகு எங்கள் பட்டியலின் மூலப்பிரதி வாஃப்-இல் இல்லை. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் ஒரு சின்னக் கோப்பாக இருக்கிறது. வாஃப்-இல் இருப்பது அதன் நகல் மட்டுமே. இப்படிச் செய்ய இன்னொரு காரணமும் உண்டு. ஐ.பி. செட்டில் மொத்தப் பட்டியலுக்கும் சேர்த்து ஒரு விவரக் குறிப்பு மட்டும் எழுதலாம். ஒவ்வொரு முகவரிக்கும் தனியாக எழுத இடமில்லை. இதே போன்ற சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பட்டியல்களில் வரிக்கு வரி குறிப்பு போடலாம், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் எங்கள் கோப்பில் நான்கு பத்தி வைத்தேன்: முகவரி, சேர்த்த தேதி, என்ன செய்தது, எப்போது விலக்குவது. கடைசிப் பத்தி காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் ஓடாது.

பைத்தானின் ஐ.பி.அட்ரஸ் மாட்யூல் இந்த வேலைக்கு அருமையான துணை. 203.0.113.7/24 என்று, முகவரியும் தொகுதி அளவும் பொருந்தாமல் அரைகுறையாக எழுதினால் பிழை காட்டி நிறுத்திவிடும். அடுத்தடுத்த துண்டுகளை ஒன்றாக மடித்தும் தரும்.

பொங்கல்

பொங்கல் விடுமுறையில்தான் எங்களுக்குப் பதிவுகள் குவியும். மாட்டுப் பொங்கல் காலையில் போன் வந்தது. தபால் துறையில் ஓய்வு பெற்றவர், எங்கள் குழுவிலேயே மூத்தவர். “தம்பி, கரையில நிக்கிறேன். படிவம் திறக்க மாட்டேங்குது. 403-ன்னு வருது. முந்நூறுக்கு மேல வரித்தலை வாத்து இருக்கு, மறந்துடப் போறேன்” என்றார். 403 என்றால் அனுமதி இல்லை என்று பொருள். எண்ணிக்கையை வாய்மொழியாகச் சொல்லச் சொல்லி நான் காகிதத்தில் எழுதினேன்.

அவருடைய போன் அமைப்பில் காட்டிய முகவரி 100.72 என்று தொடங்கியது. வெளி உலகுக்குத் தெரிந்தது வேறு முகவரி, அது எங்கள் தடைப்பட்டியலில் இருந்தது. 100.64.0.0/10 என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் உள்ளே பயன்படுத்த 2012-இல் ஒதுக்கிய தொகுதி. பொது ஐ.பி.வி4 முகவரிகள் போதாததால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறைய வாடிக்கையாளர்களை நிறுத்துகிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவருடைய கருவி எங்கள் லாகினைத் தட்டியிருக்கிறது. நான் தடுத்தது அந்த மொத்தக் கூட்டத்தையும். அந்த வரிக்கு நான் கொடுத்திருந்த காலம் தொண்ணூறு நாள். போனை வைத்த பிறகு அந்த எண்ணைப் பார்க்க எனக்குக் கூசியது.

அன்று மாலையே மூன்று மாற்றம் செய்தேன். முதலாவது, தடைப்பட்டியல் இப்போது தளம் முழுவதற்கும் பொருந்தாது, லாகின் பக்கத்துக்கும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசிக்கும் மட்டும்தான். நிர்வாகக் கோப்புறை முழுவதையும் சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்காதீர்கள். வேர்ட்பிரஸில் அட்மின்-ஏஜாக்ஸ் கோப்பு அதற்குள்தான் இருக்கிறது, எங்கள் பதிவுப் படிவம் அதன் வழியாகத்தான் போகிறது. இரண்டாவது, தடைக்காலம் ஏழு நாள். மறுபடி தட்டினால் மறுபடி சேர்க்கலாம், ஒரு நஷ்டமும் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு அதிகத் திருப்தி தந்தது. தளத்துக்கு ஐ.பி.வி6 இல்லாமலே இருந்தது. கிளவுட்ஃப்ரண்டில் அதை இயக்கி, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.-இல், ஐ.பி.வி6-க்கான குவாட்-ஏ ரெக்கார்டையும் சேர்த்தேன். ஐ.பி.வி6 தரும் மொபைல் இணைப்பில் இருப்பவர்கள் இப்போது அந்தப் பொது முகவரிக் கூட்டத்தில் நிற்காமல் அவரவர் முகவரியோடு வருகிறார்கள். இதற்கு இரண்டாவது செட் ஒன்று தேவைப்பட்டது. அதில் தனி முகவரியை /128 என்று எழுதிப் பயனில்லை. ஒரு கருவி தன் /64 தொகுதிக்குள் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் /64 ஆகவே எழுதுகிறேன்.

இடையில் எடிட்டர்கள் மூவரின் வீட்டு இணைப்புகளுக்கு ஓர் அனுமதிப் பட்டியலும் வைத்துப் பார்த்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டால் முகவரி மாறிவிடுகிறது. கைவிட்டு, மூவருக்கும் இரண்டடுக்கு லாகின் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி கடைசி

இன்றைய நிலவரம்: ஐ.பி.வி4 பட்டியலில் 31 வரி, ஐ.பி.வி6-இல் 4. ஒவ்வொரு இரவும் ஸ்கிரிப்ட் காலம் முடிந்தவற்றை விலக்கிவிட்டு, மீதியை முழுதாக அனுப்புகிறது. விலக்கியவற்றில் இரண்டு மட்டும் திரும்ப வந்தன, அவற்றுக்குப் பதினான்கு நாள் கொடுத்திருக்கிறேன். அடுத்து, முகவரிகளை என்ஜின்எக்ஸ் லாக்கில் இருந்து எடுக்காமல் வாஃப் லாக்கில் இருந்தே எடுக்க வேண்டும். அதற்கு, லாக்கைச் சேமிக்கும் எஸ்3 பக்கெட்டின் (அமேசானின் சேமிப்பிடம்) பெயர் ‘ஏ.டபிள்யூ.எஸ்.-வாஃப்-லாக்ஸ்’ என்றுதான் தொடங்க வேண்டுமாம். பக்கெட் உருவாக்கியாயிற்று. வரித்தலை வாத்துகளின் எண்ணிக்கை 312. காகிதத்தில் இருந்து தளத்தில் ஏற்றிவிட்டேன், பெரியவர் பெயரிலேயே.