கழற்சிக்காய் தின்ற மாதங்கள்

மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி என்று வந்த பிறகுதான் சித்தா டாக்டரிடம் போனேன். கழற்சிக்காயும் மிளகும் என்று சொல்வார் என்பது போகும்போதே தெரியும். ராமநாதபுரம் பக்கம் வாட்ஸ்அப்பில் அது சுற்றாத குடும்பம் கிடையாது. ஒரு பருப்பு, ஐந்து மிளகு, மோரில் கலக்கு, கட்டி கரையும், அவ்வளவுதான் செய்தி.

டாக்டரம்மா மருந்தைச் சொல்வதற்கு முன் கேள்விகளைக் கேட்டார். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறீர்களா? வயிற்றுப் புண் இருக்கிறதா? கழற்சிக்கு ரத்தச் சர்க்கரையை இறக்கும் குணம் உண்டாம். மாத்திரையும் சேர்ந்தால் ரொம்ப இறங்கிவிடலாம். கர்ப்பிணிகள் எடுக்கவே கூடாது. வாட்ஸ்அப் வைத்தியர் யாரும் இதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பொடி கடையிலும் கிடைக்கும். ஆனால் எங்கள் கடற்கரையில் வேலி ஓரம் தானாகவே படர்கிற கொடியைக் காசு கொடுத்து வாங்குவானேன்? சேதுக்கரைப் பக்கம் மதினியோடு அரிவாளும் சாக்குமாகப் போனேன். தண்டில் முள், இலைக்காம்பில் கொக்கி முள், காயின் மேலும் முள். சேலையைப் பிடித்தால் விடாது. புளி, அவரை குடும்பந்தான் இதுவும். நெற்றைப் பிளந்தால் ஒன்றிரண்டு கொட்டை, சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று இருக்கும். ஓடு அவ்வளவு கெட்டி. கடலில் மிதந்து போய் வேறொரு கரையில் ஒதுங்கினாலும் முளைத்துவிடும்.

அந்த ஓட்டை உடைப்பதுதான் பெரும்பாடு. அம்மிக் குழவியால் தட்டினால் கொட்டை அடுப்படி மூலைக்கு ஓடும். கடைசியில் மதினி சொன்னபடி வெறும் சட்டியில் லேசாக வறுத்து, பழைய துணியில் சுற்றிச் சுத்தியலால் போட்டோம். உள்ளே வெளிறிய பருப்பு. கறுத்ததையும் பூச்சி விழுந்ததையும் ஒதுக்கிவிட்டு, மீதியை மிளகோடு இடித்துச் சலித்தேன்.

கசப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வேம்பு கொஞ்ச நேரத்தில் போய்விடும். இது தொண்டையிலேயே குடியிருக்கும். மோரில் கரைத்து மடக்கென்று விழுங்கி, சாயல்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வேன். வெறும் வயிற்றில் எடுத்தபோது எரிச்சல் இருந்தது. டாக்டரம்மா சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றினார், அப்புறம் சரியானது.

பெண்கள் மருந்து என்று இப்போது பேர் வாங்கிவிட்டாலும் இதன் பழைய வேலை காய்ச்சலுக்கு. 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலிலேயே, விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குக் கழற்சிப் பருப்பும் மிளகும் சேர்ந்த பொடி இருக்கிறது. ஆயுர்வேதத்தில் லதாகரஞ்சம் என்பார்கள். மலேரியாவுக்கென உருவாக்கி, கொரோனா காலத்தில் மறுபடி பேசப்பட்ட ஆயுஷ் 64 மாத்திரையிலும் இதன் பருப்பு உண்டு. எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள்: பருப்பை அரைத்து விளக்கெண்ணெயில் குழைத்து விரைவீக்கத்துக்குப் பற்றுப் போடுவது.

எனக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வந்தது. அதே மாதங்களில் இரவுப் பரோட்டாவை விட்டேன், சாயங்காலம் கடற்கரையில் நடந்தேன், எடையும் இறங்கியது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மாவே சொன்னார். பொடியை நிறுத்தச் சொன்னதும் அவர்தான்.

மீதிக் கொட்டைகளை உடைக்காமல் டப்பாவில் வைத்திருக்கிறேன், ஓட்டோடு இருந்தால் சீக்கிரம் கெடாது. தெருவில் யார் கேட்டாலும் கொட்டை தருவேன். அளவு கேட்டால் மட்டும் டாக்டரம்மா உட்காரும் நாளைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.