ஒரே ஜோடி ஒயரில் நான்கு நானோ: மாடித் தோட்டத்துக்கு ஆர்எஸ்-485

மொட்டை மாடியில் மூலைக்கு ஒன்றாக நான்கு அர்டுயினோ நானோ, அதாவது புரோகிராம் ஏற்றக்கூடிய சின்ன மின்னணு போர்டு. ஒவ்வொன்றிலும் மண் ஈரம் பார்க்கும் சென்சாரும் 12 வோல்ட் தண்ணீர் வால்வும் இருக்கின்றன. கீழே அறையில் இருக்கும் பழைய லேப்டாப்பிலிருந்து நான்கையும் இயக்க வேண்டும் என்பதுதான் திட்டம். இப்போது ஓடுகிறது.

நான்கையும் யுஎஸ்பியிலேயே செருகலாமே என்று தோன்றும். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை, மாடிக்கு எட்டாது. தவிர, யுஎஸ்பி இணைப்புக்கு சிஎச்340 சிப் உள்ள நானோக்களுக்குப் பெரும்பாலும் தனி வரிசை எண் கிடையாது. கரண்ட் போய் வந்தால் லினக்ஸில் நேற்றைய போர்ட் எண் இன்று வேறொரு நானோவுக்குப் போய்விடலாம். சரி, போர்டுகளின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) பின்களை ஒன்றாக இணைத்துவிடலாமா? அதுவும் ஆகாது. சும்மா இருக்கும்போதும் அந்தப் பின் 5 வோல்ட்டை இறுகப் பிடித்திருக்கும். ஒரு போர்டு பேச முயன்றால் மற்ற மூன்றும் விடாது.

அதனால் ஆர்எஸ்-485. பல சாதனங்கள் ஒரே ஜோடி ஒயரில் பேசிக்கொள்ள 1983-இல் வந்த தர விதி, தொழிற்சாலைகளில் இன்றும் அதுதான் ஓடுகிறது. ஏ, பி என்ற இரண்டு ஒயருக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசம்தான் சேதி. 32 சாதனங்கள் வரை மாட்டலாம். வேகத்தைக் குறைத்துக்கொண்டால் 1200 மீட்டர் வரை போகும். கேட்-5 கேபிளில் முறுக்கிய ஒரு ஜோடியை இதற்கு எடுத்துக்கொண்டு, மீதி ஜோடிகளில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் அனுப்பினேன். ஒவ்வொரு நானோவுக்கும் அதன் சிக்னலை 485-க்கு மாற்றும் ஒரு மேக்ஸ்485 மாட்யூல், லேப்டாப்புக்கு யுஎஸ்பியிலிருந்து 485-க்கு மாற்றும் அடாப்டர்.

பேச்சு விதி எளியது. லேப்டாப் கேட்டால்தான் போர்டு பதில் சொல்லும், தானாக வாய் திறக்காது. தொடக்க பைட், முகவரி, கட்டளை, மதிப்புக்கு இரண்டு பைட், கடைசியில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் செக்சம் என்று ஆறு பைட். செகண்டுக்கு 38400 பிட் வேகத்தில் இது சுமார் 1.6 மில்லி செகண்டில் போய்விடுகிறது. நான்கு போர்டுக்கும் ஒரே புரோகிராம்தான். முகவரி மட்டும் கரண்ட் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. லேப்டாப் பக்கம் பைதானும், சீரியல் போர்ட்டில் பேச உதவும் அதன் பைசீரியல் நூலகமும். 50 மில்லி செகண்டுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த போர்டுக்குப் போய்விடும்.

இதுவரை எல்லாம் எளிது. வேலை வாங்கியது, யாரும் பேசாத நேரம்தான். ஒருவரும் எதுவும் அனுப்பாதபோதே லேப்டாப்பில் குப்பை பைட்டுகள் வந்து விழுந்தன. மல்டிமீட்டரை ஏ, பி மேல் வைத்தால் சில பத்து மில்லிவோல்ட்தான் காட்டியது. மேக்ஸ்485 உறுதியாக 1 என்று படிக்க ஏ, பி-யை விட 200 மில்லிவோல்ட் மேலே இருக்க வேண்டும். அதற்கும் மைனஸ் 200-க்கும் இடைப்பட்டது நிச்சயமில்லாத பகுதி. பக்கத்தில் மோட்டார் ஓடினாலே போதும், பைட் பிறந்துவிடும்.

முதல் காரணம் ரெசிஸ்டர்கள். கடையில் கிடைக்கும் நீல மாட்யூல் ஒவ்வொன்றிலும் ஏ, பி நடுவே 120 ஓம் இருக்கிறது. அடாப்டரிலும் ஒன்று. ஐந்தும் இணையாகச் சேர்ந்தால் 24 ஓம், அதனால் ஏ, பி வித்தியாசமும் சுருங்கிவிடும். சிப் 54 ஓம் சுமையைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. ஆகவே கேபிளின் இரு முனைகளில் மட்டும் 120-ஐ விட்டுவிட்டு நடுவில் உள்ளவற்றைக் கழற்றினேன். இப்போது 60 ஓம். அடுத்து, யாரும் பேசாதபோதும் ஏ மேலேயே நிற்க, ஏ-யிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 680 ஓம், பி-யிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 680 ஓம், ஒரே ஓர் இடத்தில். கணக்குப் போட்டால் 211 மில்லிவோல்ட் வரும். மீட்டரும் அதை ஒட்டியே காட்டியது. குப்பை பைட்டுகள் நின்றன.

இன்னொன்றும் இருந்தது. ஏதாவது ஒரு நானோ ரீசெட் ஆகும் சமயத்தில் மொத்த லைனும் ஊமையாகிவிடும். மாட்யூலில் அனுப்புவதைத் திறந்துவிடும் டிஇ பின் 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. ரீசெட் ஆகும் நானோ தன் பின்னைக் கைவிட்டதும் டிஇ மேலே போய், அந்த மாட்யூல் லைனைப் பிடித்துக்கொள்கிறது. டிஇ, ஆர்இ (கேட்பதற்கான பின்) இரண்டின் மேலிழுக்கும் ரெசிஸ்டரையும் எடுத்துவிட்டு கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போட்டதும் சரியானது. இந்த இரண்டு வேலைக்கும் சேர்ந்து செலவு ஒரு டீக் காசு கூட ஆகாது. ஆனால் இவை இல்லாமல் 485-ஐ நம்பி எதையும் விட்டுப் போக முடியாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

புரோகிராமில் ஒரு கவனம்: பதில் எழுதியதும் டிஇ-யை உடனே இறக்கக் கூடாது, முதலில் சீரியல் ஃப்ளஷ், அதாவது எல்லா பைட்டும் போய் முடியும்வரை காத்திருக்கும் கட்டளை. இல்லாவிட்டால் கடைசி பைட் பாதியில் வெட்டுப்படும்.

வால்வு விஷயத்தில் போர்டுக்கே பொறுப்புக் கொடுத்திருக்கிறேன். திற என்று கட்டளை வந்தால் 60 செகண்ட்தான். மறுபடி சொல்லாவிட்டால் தானே மூடிக்கொள்ளும். லேப்டாப் நடுவில் தூங்கிப்போனாலும் செடித் தொட்டி வழியாது. அடுத்து செக்சமை எடுத்துவிட்டு தொழிற்சாலைகளில் புழங்கும் மோட்பஸ் விதியின் பாணியில், பிழைகளை இன்னும் நன்றாகப் பிடிக்கும் 16 பிட் சிஆர்சி போட வேண்டும், அப்புறம் தண்ணீர்த் தொட்டி மட்டத்துக்கு ஐந்தாவது போர்டு.