பழைய டேட்டா இல்லாமல் மாடலைப் பழக்குவது

படத்தைப் பார்த்து இன்னது என்று சொல்லும் ஏஐ மாடல் கைக்கு வந்துவிடும், அதைப் பழக்கிய படங்கள் மட்டும் வராது. முகமும் நம்பர் பிளேட்டும் தெரியும் படங்களை யார்தான் கொடுப்பார்கள்? 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கொடுக்காதது சரிதான் என்பது என் கட்சி. அதனால் மாடலைப் புதுச் சூழலுக்குப் பழக்குவதை அந்தப் படங்கள் இல்லாமலேதான் செய்ய வேண்டும்.

சென்னை ரோட்டில் போகும் வண்டிகளை வகை பிரிக்கும் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் பழகியது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் கேமரா கண்ணாடியில் துளி, ஈர ரோட்டில் ஹெட்லைட் வெளிச்சம், ரெயின்கோட்டுக்குள் இரண்டு பேர். பக்கத்துத் திரையை இறக்கிவிட்ட ஆட்டோவை வேன் என்று சொல்லும், அதுவும் அடித்துச் சொல்லும்.

வெயிட்டில், அதாவது மாடல் பழகிச் சேர்த்த எண்களில், கை வைப்பதற்கு முன் பேட்ச் நார்மலைசேஷன் லேயர்களைப் பாருங்கள், மாடலுக்குள் ஓடும் எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் அடுக்குகள் இவை. 2015-இல் வந்த சங்கதி இது. பழகும்போது ஒவ்வொரு சேனலுக்கும் (படத்திலிருந்து மாடல் எடுக்கும் ஒவ்வொரு அம்சத்துக்கும்) சராசரியையும், எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் வேரியன்ஸையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு எந்தப் படம் வந்தாலும் அதே எண்களால்தான் அளக்கும். மழைப் படங்களை உள்ளே அனுப்பி இந்த எண்களை மட்டும் புதிதாகக் கணக்கிட்டாலே பல நேரம் கணிசமாகத் தேறிவிடும். எந்தப் படத்தில் எந்த வண்டி என்று எழுதிய லேபிள் வேண்டாம், வெயிட்டை எந்தப் பக்கம் திருத்துவது என்று காட்டும் கிரேடியன்ட் வேண்டாம். ஆனால் ஒரே கேமராவின் அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கொடுத்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், சராசரி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் பல கேமரா, பல நேரம் என்று கலந்து கொடுக்க வேண்டும்.

அது போதவில்லை என்றால் டென்ட் என்ற முறை இருக்கிறது, 2021-இல் வந்தது. மாடலின் தடுமாற்றத்தை, அதாவது என்ட்ரோபியைக் குறைக்கும்படி அந்த லேயர்களின் ஸ்கேல் (பெருக்கும் எண்), ஷிஃப்ட் (கூட்டும் எண்) இரண்டை மட்டும் மாற்றும். இதில் எனக்கு உள்ள பயம், எல்லாவற்றையும் பைக் என்று சொல்லிவிட்டாலும் தடுமாற்றம் குறைந்துவிடும் என்பதுதான். 2020-இல் வந்த ஷாட் முறை இதை யோசித்திருக்கிறது. வகையைத் தீர்மானிக்கும் கடைசிப் பகுதியான கிளாசிஃபையரை மாறாமல் பூட்டி வைத்துவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் உறுதியான பதில் வேண்டும், ஆனால் மொத்தத்தில் பதில்கள் எல்லா வகைக்கும் பரவ வேண்டும் என்று மாடலை நெருக்கும். நம் ஊரில் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, ரோட்டில் பாதிக்கு மேல் பைக்காகவே இருக்கும்போது சமமாகப் பரப்பச் சொன்னால் பைக்குகள் சிலவற்றைத் தூக்கி ஆட்டோ கணக்கில் போட்டுவிடும். அந்தப் பரவல் பகுதிக்கு உண்மையான வண்டி விகிதத்தைத் தோராயமாகவாவது கொடுப்பது நல்லது.

அப்புறம், லேபிளே வேண்டாம் என்று ஆய்வுப் பேப்பரில் எழுதியிருக்கிறது என்பதற்காகச் சரிபார்க்காமல் விட்டுவிடாதீர்கள். சில நூறு மழைப் படங்களுக்கு உட்கார்ந்து கையால் லேபிள் போடுங்கள், பழக்குவதற்கு அல்ல, சோதிப்பதற்கு. மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் வகைவாரியாகப் பாருங்கள், பஸ் எத்தனை தப்பியது, ஆட்டோ எத்தனை வேன் ஆனது என்று. மாற்றுவதற்கு முந்தைய வெயிட் ஃபைலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியில் அதுதான் தேவைப்படும்.