வைக்கோல் கிரீடத்த பெருக்கித் தள்ளற சீன்

நேத்து ராத்திரி மறுபடியும் ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ பாத்தேன். கடவுளோட குரல் கேட்டுதுன்னு சொல்லி இங்கிலீஷ்காரங்களோட சண்டை போட்டு, கடைசில மதத்துரோகின்னு எரிக்கப்பட்ட பிரெஞ்சுப் பொண்ணு ஜோனோட விசாரணைதான் கதை. 1928ல வந்த ஊமைப்படம், டென்மார்க்காரர் கார்ல் தியோடர் டிரையர் பிரான்ஸுக்குப் போய் எடுத்தது. எனக்கு இது மூணாவது தடவ, இந்த தடவ மியூட்ல போட்டுட்டேன், ஏன்னா பின்னாடி யாராரோ சேத்து விட்ட மியூசிக் இப்ப அழு, இப்ப பயப்படுன்னு நம்மள நச்சரிச்சுக்கிட்டே இருக்கு.

இந்தப் படம்னாலே எல்லாரும் ஜோனா நடிச்ச ஃபால்கோனெட்டி மூஞ்சியப் பத்திதான் பேசுவாங்க. நியாயம்தான். மேக்கப்பே கிடையாது, க்ளோஸப்புக்கு மேல க்ளோஸப், நீதிபதிங்களோட மருவு சுருக்கம் எல்லாம் அப்பட்டமா தெரியுது. ஒரு இடத்துல ஜோன் முகத்துல ஈ வந்து உக்காருது, அந்தம்மா பாட்டுக்கு தட்டி விடறாங்க, டிரையரும் அத வெட்டாம அப்படியே விட்டுட்டாரு!

ஆனா என்னை உலுக்கினது வேற. இந்தப் படத்துக்காக கான்கிரீட்ல ஒரு கோட்டையே கட்டினாங்க, ஏகப்பட்ட செலவு, படத்துல பாத்தா பெரும்பாலும் வெறும் வெள்ளச் சுவருதான், அதுவும் ஒரு ஓரமா (காசு போட்டவங்களுக்கு வயிறு எரிஞ்சிருக்கும்). யார் எங்க நிக்கறாங்க, கதவு எந்தப் பக்கம், எதுவும் பிடிபடாது, கேமராவ வைக்கறதுக்கு தரையில குழி வேற தோண்டியிருக்காங்க, அதனால பாதிரிங்க எல்லாம் நம்ம தலைக்கு மேல வந்து குனியற மாதிரி இருக்கு. கொஞ்ச நேரத்துல ஜோனுக்கு மட்டும் இல்ல, நமக்கும் திக்கு திசை தெரியாம போயிடுது.

1431ல பிரான்ஸ்ல ரூவான்ங்கற ஊர்ல மாசக்கணக்கா நடந்த விசாரணைய ஒரே நாள்ல நடந்து முடிஞ்ச மாதிரி சுருக்கியிருக்காரு, கேள்வி பதில் நிறைய அசல் கோர்ட் பதிவுலேர்ந்தே எடுத்தது. ‘நீ கடவுளோட அருள்ல இருக்கியா’ன்னு கேக்கறாங்க பாருங்க, ஆமான்னா திமிரு, இல்லன்னா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி. ‘இருந்தா கடவுள் என்னை அதுலயே வச்சிருக்கட்டும், இல்லன்னா அதுல சேத்துக்கட்டும்’ங்கறா. எழுதப் படிக்கத் தெரியாத பத்தொம்பது வயசுப் பொண்ணு.

படத்தோட மூல நெகடிவ் 1928லயே பெர்லின்ல தீயில போச்சு, படத்துல சேக்காம மிச்சமிருந்த டேக்குங்கள வச்சு டிரையர் இன்னொரு வெர்ஷன் பண்ணினாரு, அதுவும் எரிஞ்சுது. முதல் வெர்ஷனோட நல்ல பிரிண்ட் ஒண்ணு 1981ல ஓஸ்லோ மனநல மருத்துவமனை ஒண்ணுல கிடைச்சுது. சரி, அது ஊரறிஞ்ச கதை.

நான் சொல்ல வந்தது மொட்டை அடிக்கற சீன். ஜோன் பயந்து போய், தான் சொன்னதெல்லாம் தப்புன்னு ஒத்துக்கற காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டா, உயிர் தப்பிச்சாச்சு, ஆயுள் சிறைதான். கத்தரி போகுது, முடி கொத்துக் கொத்தா விழுது. அப்புறம் ஒருத்தன் தொடப்பத்த எடுத்து சாவகாசமா பெருக்கறான், முடியோட சேந்து அவ ஜெயில்ல பின்னி வச்சிருந்த வைக்கோல் கிரீடமும் போகுது, சோல்ஜருங்க அவ தலையில கவுத்து கேலி பண்ணின அதே கிரீடம். அவ அதையே பாக்கறா. டைட்டில் கார்டுல (ஊமைப்படத்துல நடுநடுவுல வர்ற எழுத்து) விளக்கம் கிளக்கம் ஒண்ணும் இல்ல. அந்தக் குப்பையப் பாத்த உடனே நீதிபதிங்கள திரும்பக் கூப்பிடுங்கன்னு கத்தறா, கையெழுத்துப் போட்டது பொய்யின்னு சொல்லப் போறா, சொன்னா நெருப்புதான்னு அவளுக்குத் தெரியும்.

கடைசில கம்பத்துல கட்டும்போது கயிறு நழுவி கீழ விழுது. அவளே குனிஞ்சு எடுத்து கட்டறவன் கையில குடுக்கறா.