ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் கிட்ஹப் கணக்கு: லாகின் ஆனாலும் புஷ் ஏன் போகவில்லை?

எழுதிய கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு அதை அனுப்புவதுதான் புஷ். அதற்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் செட்டிங்ஸ், வெர்ஷன் கன்ட்ரோல், கிட்ஹப் என்று போய்க் கூட்டல் குறியை அழுத்தினால் பிரவுசர் வழி, டோக்கன் வழி ஆகியவை வரும். சொந்தக் கணினி என்றால் பிரவுசர் வழியே போதும்: பிரவுசர் திறக்கும், ஆதரைஸ் கொடுத்தால் இணைப்பு முடிந்தது.

அலுவலக ப்ராக்ஸியால் பிரவுசர் வழி சிக்கினால் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலான நீண்ட ரகசியக் குறியீடு) வழிக்குப் போங்கள். அங்குள்ள ஜெனரேட் பொத்தான், ரெப்போ (கோடு இருக்கும் களஞ்சியம், ரெப்பாசிட்டரி), ஜிஸ்ட், ரீட்-ஆர்க், வொர்க்ஃப்ளோ ஆகிய அனுமதிகளுக்கு டிக் போட்ட பக்கத்தையே திறந்துவிடும். அந்த டிக் எதையும் எடுக்காதீர்கள். வொர்க்ஃப்ளோ இல்லாவிட்டாலும் சாதாரண புஷ் எல்லாம் ஒழுங்காகப் போகும். ஆக்‌ஷன்ஸ் என்ற கிட்ஹப்பின் தானியங்கி வேலைகளுக்கான யாம்ல் கோப்பைத் திருத்திய அன்று மட்டும் மறுக்கப்படும், காரணம் சட்டென்று பிடிபடாது. டோக்கன் ஒரே ஒரு முறைதான் கண்ணில் படும், உடனே காப்பி எடுத்துவிடுங்கள்.

கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து அனுப்பும் மென்பொருள்) கட்டளைகளுக்குக் கணக்கின் பாஸ்வேர்டை கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் ஏற்பதில்லை. டெர்மினல் பாஸ்வேர்டு கேட்டால் டோக்கனைத்தான் ஒட்ட வேண்டும்.

அதிகம் பேரை அலைக்கழிப்பது புஷ் செய்யும்போது வரும் 403 பிழை, அதாவது அனுமதி மறுப்பு. அந்தச் செய்தியை முழுக்கப் படியுங்கள். எந்தப் பயனர் பெயருக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று அதிலேயே இருக்கும். அது உங்கள் பழைய கணக்கு என்றால், லாகின் விவரங்களைச் சேமிக்கும் விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜரில் கிட்ஹப் பெயரில் கிடக்கும் பதிவை நீக்குங்கள். மேக்கில் கீசெயினில் தேடுங்கள். ஸ்டூடியோவை அழித்து மறுபடி நிறுவுவது வீண் வேலை, அந்தப் பதிவு அதற்கு வெளியே இருக்கிறது.

'ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் முகவரியை ஒருமுறை சரிபாருங்கள். சரியாக இருந்தால் அனுமதிதான் இல்லை. பிரைவேட் ரெப்போ இருப்பதையே கிட்ஹப் வெளியாருக்குக் காட்டாது. நிறுவனம் எஸ்எஸ்ஓ (ஒரே லாகினில் எல்லாச் சேவைகளுக்கும் நுழையும் முறை) வைத்திருந்தால், டோக்கன் பக்கத்தில் 'கான்ஃபிகர் எஸ்எஸ்ஓ' வழியாக அந்த நிறுவனத்துக்குத் தனியாக ஒப்புதல் தர வேண்டும்.

கமிட்டில் (கோடு மாற்றத்தின் பதிவில்) பதியும் பெயரும் மின்னஞ்சலும் இந்த லாகினிலிருந்து வருவதில்லை, கிட்டின் சொந்த கான்ஃபிக்கிலிருந்து வருகின்றன. அங்கே வேறு மின்னஞ்சல் இருந்தால் புஷ் போகும், ஆனால் கமிட் உங்கள் கணக்கில் சேராது. அந்த முகவரியை கிட்ஹப்பின் ஈமெயில்ஸ் பகுதியில் சேர்த்து உறுதிசெய்தால் பழைய கமிட்டுகளும் உங்கள் பெயருக்கு வந்துவிடும்.