மூச்சைக் கவனிப்பது பாவமா?

"டீச்சர், இது புத்த சமயத்துப் பழக்கமாமே. நாம செஞ்சா பாவமில்லையா?"

தவக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் செபக்குழுவில் ஓர் அக்கா கேட்டார். கொழும்பில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் லீவில் வந்திருந்தபோது, செபமாலைக்கு முன் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அந்தோனி டி மெல்லோ காட்டிய வழி என்றான். அந்த அக்காவின் நாத்தனார் வேறு சபைக்குப் போகிறவர். மனதை வெறுமையாக்கினால் பிசாசு புகுந்துவிடும் என்று பயம் காட்டியிருக்கிறார். மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில்தான்.

டி மெல்லோ 1931இல் மும்பையில் பிறந்தவர்; இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு. லோனாவ்லாவில் ஆன்மிகப் பயிற்சி தரும் சாதனா நிறுவனத்தை நடத்தியவர். 1987இல் நியூயோர்க்கில் காலமானார். 1998 ஜூன் 24ஆம் திகதியிட்ட ஓர் அறிவிப்பில், கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அவர் எழுத்துகளிலுள்ள சில நிலைப்பாடுகள் கத்தோலிக்க விசுவாசத்துக்கு ஒவ்வாதவை என்றது. "ரோமாபுரியே தடை போட்டுட்டுது" என்று பலர் சொல்லித் திரிவது இதைத்தான்.

ஆனால் அந்த அறிவிப்பு மூச்சைப் பற்றியதே அல்ல. கீழைத்தேய ஞானத்திலிருந்து அவர் எடுத்துத் தந்த நல்ல அம்சங்கள் தன்னடக்கத்துக்கு உதவும் என்று அதே அறிவிப்பு ஒத்துக்கொள்கிறது. அதே பேராயம் 1989இல் தியானம் பற்றி எழுதிய கடிதமும் அப்படித்தான்: கீழைத்தேய முறைகள் செபத்துக்குத் துணையாகலாம், ஆனால் உடம்பில் உண்டாகும் அமைதியைத் தூய ஆவியார் தரும் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது என்கிறது. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் யாருக்கும் மனசு ஓய்ந்துதான் போகும்.

இன்னொன்றும் அந்த அக்காவுக்குச் சொன்னேன். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரே மூச்சோடு செபிக்கக் கற்றுக்கொடுத்தவர். பாப்பரசர் 1548இல் அங்கீகரித்த அவருடைய 'ஆன்மப் பயிற்சிகள்' நூலில் அது இருக்கிறது. பரலோக மந்திரத்தின், அதாவது இயேசு கற்றுக்கொடுத்த செபத்தின், ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு மூச்சுக்கு ஒன்றாக மனதுக்குள் சொல்ல வேண்டும். இரண்டு மூச்சுக்கு நடுவில் அந்தச் சொல்லின் பொருளையோ, யாரை நோக்கிச் செபிக்கிறோமோ அவரையோ நினைக்க வேண்டும். எனக்கு எல்லாமே அந்த 'அவர்' என்பதில்தான் இருக்கிறது. எதிரே ஒருவர் இருக்கிறாரா, கேட்கிறாரா?

பேராயம் கை வைத்ததும் அங்கேதான். டி மெல்லோவின் பிற்காலப் பேச்சுகளில் கடவுள் ஓர் ஆளாக இல்லாமல், எங்கும் பரவிய ஏதோ ஒன்றாகக் கரைந்துவிடுகிறார். இயேசு பல குருமார்களில் ஒருவராகிறார். நன்மை, தீமை என்பவை நம் மனம் உலகத்தின் மீது ஒட்டும் மதிப்பீடுகளாகிவிடுகின்றன. கடைசியாகச் சொன்னதை என்னால் விழுங்கவே முடியவில்லை.

எங்கள் குழுவில் உட்காருகிறவர்களின் கைகளைப் பாருங்கள். கொழுந்துக் கறை விரல் வெடிப்புகளில் கறுத்துப் படிந்திருக்கும். சவர்க்காரம் போட்டும் போகாது. அந்தக் கையோடுதான் செபமாலை மணி உருட்டுகிறார்கள். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோவைக் கழிப்பார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நின்றவர்களின் பேத்திகள் இவர்கள். "உன் துன்பமெல்லாம் உன் பற்றிலிருந்து வருகிறது, விழித்துக்கொண்டால் சரியாகிவிடும்" என்று இவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. சாக்குக்குக் கழித்த கிலோ மனதின் மதிப்பீடு அல்ல, அநியாயம். விவிலியத்தின் விடுதலைப் பயணம் நூல் மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் மக்களின் துன்பத்தைக் கண்டதாகவும், அவர்கள் போட்ட கூக்குரலைக் கேட்டதாகவும் சொல்கிறார். அப்படிக் கேட்கிற கடவுளை விட்டுவிட்டு எனக்கு எந்த அமைதியும் வேண்டாம்.

அக்கா மகனோடு இதைப் பற்றி போனில் நிறைய நேரம் பேசினேன். "சித்தி, மனுசன் செத்துப் பதினோரு வருசம் கழிச்சுக் குற்றம் சொன்னா அவரு எப்படிப் பதில் சொல்லுவாரு?" என்றான். அது நியாயமான கேள்வி. இறந்த பிறகு தொகுத்து அச்சிட்ட பேச்சுகளும் அவர் பெயரில் இருக்கின்றன. அவரே இருந்திருந்தால் சில இடங்களை வேறு மாதிரி விளக்கியிருக்கலாம். அவரைப் பொய்ப் போதகர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய ஆரம்பகாலப் பயிற்சிகளை நான் மனதாரச் செய்கிறேன், அடுத்தவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பேராயம் சுட்டிக்காட்டிய அந்தப் போதனைகள்தான் எனக்கு வேண்டாம்.

அக்காவுக்கு நான் சொன்ன பதில்: "பாவமில்ல அக்கா. பயப்படாம மூச்சக் கவனிங்க. ஆனா அதோட நிறுத்திடாதீங்க, சாமிகிட்ட பேசுங்க. மடுவத்துல நடந்ததையும் சொல்லுங்க."

இப்போது செபமாலைக்கு முன் பரலோக மந்திரத்தை இஞ்ஞாசியார் சொன்ன மாதிரி மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்கிறோம். பாஸ்குவுக்குப் பிறகு இதை விளக்கிச் சொல்ல பங்குச் சுவாமியையும் வரச் சொல்லியிருக்கிறேன். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.